சான்றளிக்கப்பட்ட வலம்புரி

கடலில் கால் நனைக்காமல் சங்கு குளிக்கும் முறையை மனித குலத்துக்கு வழங்கிய பெருமை தூத்துக்குடிக்கே உரியது. மற்ற துறைமுகங்கள் பொறாமைப்பட்டால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

கிரேட் காட்டன் ரோட்டில், ஒரு பேக்கரியின் மாடியில், ‘சங்குச்சங்கிலி’ என்ற செயலியைக் கட்டினோம். அசல் சங்கைப் படம் பிடித்து, படத்தை பிளாக்செயினில் ஏற்றி, உலகச் சேகரிப்பாளர்களுக்கு விற்பது திட்டம். பிளாக்செயின் என்பது ஒரு பதிவேடு. அதில் ஒரு தடவை எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, திருத்த முடியாது. தாலுகா ஆபீஸ் பதிவேடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான் அருமைநாயகம், நிறுவனத்தின் ‘தலைமை மெய்த்தன்மை அலுவலர்’. முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு சரக்கு நிறுவனத்தில் கன்டெய்னர் தாள்களில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தியவன். ஒரு கன்டெய்னரையும் திறந்து பார்த்து அதைச் சந்தேகத்தால் அவமதித்ததில்லை. இந்த நற்பெயரைக் கேள்விப்பட்டுத்தான் செல்வின் என்னைத் தேடி வந்தார். செல்வின் எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊர்ப் பிள்ளை. பெங்களூரில் மூன்று நிறுவனங்களை வெற்றிகரமாக மூடியவர்.

எங்கள் முதல் சங்கைக் கொண்டுவந்தவர் திரேஸ்புரம் ஜாக்சன். மூச்சுக்காற்று வரும் கம்ப்ரசர் குழாயைப் பல்லில் கடித்தபடி இருபத்திரண்டு ஆண்டுகள் சங்கு குளித்தவர். இடது காது ஏற்கெனவே போய்விட்டது. இன்னும் ஒரு பருவம் இறங்கினால் வலது காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் கையில் வலம்புரி சிக்கியது. லட்சத்தில் ஒன்று கிடைப்பது அது. சங்கு வியாபாரி சுந்தரராஜ் அண்ணாச்சி உடனே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். கொடுத்திருந்தால் ஜாக்சன் வலையும் கயிறும் விற்கும் கடை ஒன்று வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த காதோடு கரையிலேயே இருந்திருப்பார். அவ்வளவு சின்ன ஆசைக்குள் அவர் முடங்கிப்போவதை எங்கள் மனம் ஏற்கவில்லை.

“சுந்தரராஜ் அண்ணாச்சி ஒரு ஆளு. நம்மகிட்ட உலகமே வாங்கும்” என்றார் செல்வின், வலது காதுப் பக்கமாகக் குனிந்து.

“கடை வைக்க ஆவுமா தம்பி?”

“கடையா? தெருவே வாங்கலாம்.”

படப்பிடிப்பு அரை நாள் நடந்தது. பதினாறு படங்கள் எடுத்தும் எதிலும் ‘ஆன்மா’ இல்லை. கடைசியில் செல்வின் சங்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்தார். அதில் ஆன்மா இருந்தது. படத்தில் அவருடைய பனியனில் இருந்த நிறுவனப் பெயர் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. புதுவகை எழுத்து என்று நினைத்து மனதாரப் பாராட்டினேன். பிறகு செல்வினை வெட்டி நீக்கிவிட்டுச் சங்கை மட்டும் வைத்துக்கொண்டோம். தனித்தன்மை கெடக்கூடாது என்று மற்ற பதினாறையும் அழித்தோம். நான் கையெழுத்திட்டேன்: பொருள், வலம்புரி. நிலை, சரிபார்க்கப்பட்டது.

அடுத்த நாள் மக்ரூனும் டீயுமாக நடந்த உயர்மட்டக் கூட்டத்தில் செல்வின் ஒரு தத்துவச் சிக்கலை எழுப்பினார். படமும் அசல், சங்கும் அசல் என்றால் அசல் இரண்டாகிவிடுகிறதே? இரண்டு அசலை எந்தச் சேகரிப்பாளர் மதிப்பார்? எனவே, வெளியீட்டு விழாவில் சங்கை உடைத்து, அதன் மதிப்பு முழுவதையும் படத்துக்கு ‘இடமாற்றம்’ செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கூட்டத்தில் ஜாக்சனும் இருந்தார். தீர்மானம் அவருடைய இடது பக்கமிருந்து வாசிக்கப்பட்டதால் இன்னொரு முறை வாசிக்க நேர்ந்தது.

“ஒடைக்கவா? ஒடைச்சிட்டா என் கையில என்ன சார் இருக்கும்?”

“உங்க பேரு இருக்கும் அண்ணாச்சி. பிளாக்செயின்ல. அழியவே அழியாது” என்றார் செல்வின்.

ஜாக்சன் என்னைப் பார்த்தார். “நீங்க வயசுல பெரியவுக. நீங்க சொல்லுங்க சார். நம்பலாமா?”

“எல்லாம் சரிபார்த்தாச்சு” என்றேன். முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

விழா மண்டபத்தில் இருநூறு பேர். வெல்வெட் துணிமேல் சங்கை வைத்துச் சுத்தியலை ஜாக்சனிடம் நீட்டினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். செல்வின்தான் அடித்தார். அசல் சங்கு என்பதால் மூன்று அடி தாங்கியது. கைதட்டல் அடங்கியதும் திரையில் படம் விரிந்தது, பன்னிரண்டு அடி உயரத்துக்கு.

ஜாக்சன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“சார், இது நம்ம சங்கு இல்ல.”

“அதேதான் அண்ணாச்சி” என்றார் செல்வின்.

“ஒடுங்கின மொன மேல இருக்கு. அப்ப வாயி வலது பக்கமால்லா தொறக்கணும்? இது இடது பக்கம் தொறக்கு. இடம்புரி. எங்க தெருவுல கூடை கூடையாக் கெடக்கும்.”

செல்ஃபியில் இடது வலது மாறிவிடும் என்பதும், அந்தப் பனியன் எழுத்து புதுவகை அல்ல என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படத்தைத் திருப்பிப் போட்டுவிடலாமே என்று செல்வினிடம் கேட்டேன்.

“முடியாது சார். பதிஞ்சாச்சு. மாத்த முடியாதுங்கதுதான நம்ம செயலியோட சிறப்பே?”

புதிதாக ஒரு பதிவும் போட முடியவில்லை. ஒரு சங்குக்கு ஒரே பதிவு என்ற நான்காம் விதி தடுத்தது. விதியை வகுத்தவன் நான். கூடை கூடையாகக் கிடைப்பதன் படத்தை உலகம் வாங்கவில்லை. செல்வின் தமது நான்காவது நிறுவனத்தையும் குறித்த காலத்துக்கு முன்பே மூடிவிட்டு பெங்களூர் திரும்பினார்.

என் கடமை மிச்சமிருந்தது. சான்றிதழ் ஒன்று உரியவருக்குச் சேர வேண்டுமல்லவா? அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டுச் சங்குப் பருவம் முடிந்த வாரம் திரேஸ்புரம் போனேன். ஜாக்சன் கரையில் உட்கார்ந்து கம்ப்ரசர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபம் போலும் என்று நினைத்தேன்.

“அவுகளுக்குக் கேக்காது” என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஈவாஞ்சலின். “ரெண்டு காதும் போயிட்டு. முன்னால போயி நில்லுங்க.”

முன்னால் போய் நின்று சட்டத்தை நீட்டினேன். ஜாக்சன் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பொருள், வலம்புரி. நிலை, சரிபார்க்கப்பட்டது. விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

“இது யாரு கையெழுத்து?” என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கவே கேட்டார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னுடையது” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் விரலை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.