சோதினை மாஸ்டர் ஏறிய பரண்

கல்முனையில் சோதினை மாஸ்டரிடம் அகப்படாமல் தப்பியவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், ஏற்கெனவே மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். மற்ற எல்லோருடைய மூளையையும் மனதையும் அவர் அளந்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடங்களில் ஆலோசனை ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பயிற்சி நடந்தது. சோதனைகள் வைத்துப் பிள்ளைகளின் திறமையையும் மனநிலையையும் அறிவது எப்படி என்று கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் சொல்லித் தந்தார். நாங்கள் குறிப்பெடுத்தோம், தேத்தண்ணி குடித்தோம், வீட்டுக்குப் போனோம். மாஸ்டர் மட்டும் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்.

முதலில் அகப்பட்டவர் தேத்தண்ணிக் கடைக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் 'காக்கா'. மாஸ்டர் மை தெளித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"காக்கா, இதப் பார்த்தா என்ன தெரியிது?"

"மை கொட்டினது தெரியிது."

"நல்லா யோசிங்க. மனசுக்குள்ள வேற என்ன வருது?"

"கடையில சனம் நிக்கிறது வருது. எழும்புங்க மாஸ்டர்!"

'அடக்கி வைத்த கோபம்' என்று மாஸ்டர் எழுதிக்கொண்டார். அது அடங்கியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாஸ்டர் பெண் வீட்டில்தான் குடியிருந்தார். ஆகவே மாமிக்கு நினைவாற்றல் சோதனை. அவர் வாசித்த சொற்களையெல்லாம் மாமி ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, நிக்காஹ்வுக்கு முன் மருமகன் கொடுத்த வாக்குறுதிகளையும் வரிசை மாறாமல் சொல்லத் தொடங்கினார். அத்தோடு வீட்டுக்குள் சோதனைகள் நின்றுபோயின.

கடைசியில் செய்முறைப் பரீட்சை. ஆளுக்கொரு பிள்ளையைச் சோதித்து, என்ன செய்யலாம் என்று பரிந்துரை எழுத வேண்டும். அதைப் பொறுத்துத்தான் சான்றிதழ். மாஸ்டரும் நானும் இறக்காமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனோம். மாஸ்டருக்கு ராஹிலா என்ற சிறுமியை அதிபரே தெரிவுசெய்து கொடுத்தார்.

"வந்தா நித்திரை, இல்லாட்டி லீவு. படிப்புக்குத் தோதில்ல எண்டு எழுதித் தாங்க சேர், வீட்டுக்கு அனுப்பிருவம்."

'உன் வீட்டை வரை' என்றார் மாஸ்டர். அவள் மரத்தின் மேல் ஒரு குடிசையை வரைந்தாள். படத்தில் ஏணியை மேலே இழுத்து வைத்திருந்தார்கள். வாப்பாவின் கையில் தீப்பந்தம்.

மாஸ்டருக்குப் புதையல் கிடைத்த மகிழ்ச்சி. "பாத்தயா மச்சான்! நிலத்துல தொடாத வீடு. ஊரோட ஒட்டில்ல, ஏணியயும் இழுத்திட்டாங்க. வாப்பாட கையில நெருப்பு! புள்ளைக்கு மனசு பெரிய கரைச்சல்." அறிக்கையைப் பார்த்து விரிவுரையாளர் மெச்சினார். பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் காரணம் கிடைத்ததில் அதிபருக்கோ தலைகால் புரியவில்லை.

வீட்டைப் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். அதையெல்லாம் கற்பனையில் எழுதிவிடுவதுதான் எங்கள் வழக்கம். மாஸ்டரோ என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் இருக்கும் வயலுக்கே போனார். பொழுது சாயும் நேரம். மரத்தின் மேல் இரவுக் காவலுக்குக் கட்டிய பரணிலிருந்து ராஹிலாவின் வாப்பா கத்தினார்.

"சேர், கதையெல்லாம் மேல வந்து கதைப்பம்! ஏறுங்க, ஆனை இறங்கிட்டு!"

மாஸ்டர் ஏறிய வேகத்தில் ஏணிப் படிகளில் பாதி கால் படாமலே மிச்சம். நான் ஏறியதும் ஏணியை மேலே இழுத்தார்கள். சோதனைப் பெட்டி கீழே கிடந்தது. யானை யோசிக்கவே இல்லை, அதன் மேல் காலை வைத்துவிட்டது. அவ்வளவு விரைவாக எந்தச் சோதனையும் முடிந்து நான் பார்த்ததில்லை.

வாப்பா தீப்பந்தத்தை ஆட்டினார். வகுப்பில் தூங்கி விழும் ராஹிலா, கண் இமைக்காமல் தகரத்தைத் தட்டினாள். யானை விலகியதும் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"சேர், படத்துல தகரத்த வரைய மறந்திட்டன். அதுக்கா என்ன நிப்பாட்டப் போறீங்க?"

மாஸ்டர் அவள் கையிலிருந்த தகரத்தை வாங்கித் தானும் ஒருமுறை தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் விரிவுரையாளர் முன் நின்றார். "என்ட அறிக்கையத் திருப்பித் தாங்க சேர். புள்ள பாஸ். சோதினைதான் பெயில்."

"அப்ப உங்களுக்குச் சான்றிதழ் தர ஏலாது."

"ஓம் சேர்."

அறிக்கையைக் கிழித்துவிட்டு ஒரே வரியில் புதிதாக எழுதினார்: 'வெள்ளாமை வெட்டும் வரைக்கும் இப்பிள்ளையை வகுப்பில் நித்திரை கொள்ள விடவும்.' அதிபர் முணுமுணுத்தார், ஆனாலும் ராஹிலா பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்தாள்.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆலோசனைக்கென்று ஓர் அறையும் கிடைத்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "சோதினை மாஸ்டர் இல்லயா சேர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. என் மனது சரியில்லாத நாட்களில் நானும் அந்த அறையைப் பூட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவரைத் தேடித்தான் போனேன்.