சொல்தா வீட்டு வண்டியின் பூர்வீகம்

முதலியார்பேட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை விஜயராகவன் அவர்களுக்கு, மைத்துனன் சக்கரபாணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தனக்கொடியும் சௌக்கியம், குடோனில் இருக்கிற காலி பாட்டில்களும் உடையாமல் சௌக்கியம். அங்கே நீங்களும், என் தங்கை கலைவாணியும், அவளுடைய வலது முட்டியும் நலமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் பார்க்கச் சொன்ன காரைப் பார்த்தேன், ஓட்டினேன், அதன் பூர்வீகத்தையும் விசாரித்துவிட்டேன். வாங்க வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தமிழ்ப் பாடம் நடத்திய வாய், குறை சொல்வதற்கில்லை. காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து பேச முடியாது பாருங்கள். நாளைக் காலையில் திண்டிவனத்துக்கு பாட்டில் லோடு வருகிறது, லாரி டிரைவர் இதை உங்கள் கையில் கொடுப்பான். தயவுசெய்து அவனை உட்காரவைத்துப் பேசாதீர்கள், அவன் செங்கல்பட்டு வரை போக வேண்டியவன்.

கார் எதற்கு என்பது எனக்குத் தெரியும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கலைவாணியால் பஸ் படி ஏற முடியவில்லை. வாரா வாரம் பாண்டிச்சேரிக்கு வந்து காலுக்குப் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும், வாடகை வண்டி கட்டுப்படியாகவில்லை என்று போன மாசம் முழுக்க அவள் வரவே இல்லை, இப்படியே விட்டால் கால் மடங்காமல் போய்விடும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதனால் வண்டி வேண்டும், சீக்கிரம் வேண்டும். அவசரத்தில் இருக்கிறவனுக்கு எதை வேண்டுமானாலும் விற்கலாம், நானே விற்றிருக்கிறேன். அதுவும் நீங்கள் போட்டோவைப் பார்த்த அன்றைக்கே வண்டிக்கு ‘வெண்புறா’ என்று பெயர் வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும், பணம் அனுப்புவதற்கு முன்னால் நான் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று பட்டது.

வண்டி லாஸ்பேட்டையில் கோவிந்தசாமி வீட்டில் நிற்கிறது, தெருவில் எல்லாரும் அவரை மரியாதையாக முசே என்பார்கள். முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அந்த ஊர் பென்ஷன் வாங்குகிறவர். வருஷத்தில் ஆறு மாசம் பாரீசில் மகன் வீட்டில் இருப்பார், ஆறு மாசம் இங்கே. வண்டியைப் பார்த்துக்கொள்வது அவருடைய டிரைவர் அருள்முருகன். ஒரே ஓனர், பாதி வருஷம் ஷெட்டில் தூங்குகிற வண்டி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யா என்று பார்த்தேன். ஆர்.சி. புத்தகம் சரி, போனில் நம்பரைத் தட்டிப் பார்த்தேன், கடன் இல்லை, போலீஸ் அபராதம் இல்லை. இன்சூரன்ஸில் ஒரு தடவைகூட இடித்ததற்குப் பணம் கேட்கவில்லை. கம்பெனி சர்வீஸ் பில் எல்லாம் வரிசையாக இருக்கிறது, அதில் இருக்கிற கிலோமீட்டருக்கும் மீட்டரில் ஓடுகிற கிலோமீட்டருக்கும் வித்தியாசம் இல்லை, எட்டு வருஷ வண்டி இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. வெள்ளத்தில் நின்றதா என்று சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தேன், சேறு இல்லை. மூன்று சக்கர வண்டியில் காலி பாட்டில் பொறுக்கித் தொழிலுக்கு வந்தவன் நான், எந்தப் பழைய சாமானையும் முகர்ந்து பார்க்காமல் விலை பேசியதில்லை, அதையும் செய்தேன். வாசனையும் சரி. எல்லாமே சரியாக இருந்ததுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். முசே வரவில்லை, பிரெஞ்சுக்காரர்களின் இரும்புக் குண்டு ஆட்டம் ஆடக் கிளம்பிவிட்டார். அருள்முருகன் மட்டும் இடது பக்கம் ஏறிக்கொண்டான். தெரு முனையில் பூக்காரி ஒருத்தி கையைத் தூக்கிச் சிரித்தாள். நானும் தலையை ஆட்டினேன். மருந்துக்கடை வாசலில் ஒரு பேங்க்காரர் வணக்கம் வைத்தார். கொஞ்ச தூரம் போனால் ஒரு கன்னியாஸ்திரீ நின்று கையசைக்கிறார். ஊரில் நம்மை இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறதே, வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நின்றால் என்ன என்று யோசித்தபடி, கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றபோது ஸ்கூட்டியில் வந்த ஒரு அம்மாள் பக்கத்தில் நிறுத்தி உள்ளே குனிந்து பார்த்தாள்.

“அருள் அண்ணே, புது ஸ்டூடண்டா? வயசானவரா இருக்காரே.”

“இல்லக்கா, வண்டி வாங்க வந்த பார்ட்டி.”

“விக்கப் போறீங்களா இத?” என்று அவள் என் பக்கம் திரும்பினாள். “சார், மூணாவது கியர் விழுதான்னு பாத்துக்குங்க. நான் கத்துக்கிட்ட வரைக்கும் ரெண்டுக்கு மேல போனதே இல்ல.”

விளக்கு பச்சையானது, அவள் போய்விட்டாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, அருள்முருகனைக் கீழே இறங்கச் சொல்லி, அவன் கால் வைத்திருந்த இடத்து ரப்பர் மேட்டைத் தூக்கினேன். தரையில் இரண்டு ஓட்டை, எம்சீல் வைத்து அடைத்து மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு குதிகால் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகியிருக்கிறது.

“என்னடா இது ஓட்டை?”

“காத்து வர்றதுக்கு, மொதலாளி.”

“காத்து வர்றதுக்கு ஓட்டை போட்டுட்டு அத ஏன்டா அடைச்ச?”

“காத்து ஜாஸ்தியா வந்துச்சு.”

நான் ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேரத்தில் பேசாமல் நிற்பதற்குத் தனிப் பலன் உண்டு. கடைசியில் அவனே ஆரம்பித்தான்.

“முசே ஊருக்குப் போறப்போல்லாம், பேட்டரி எறங்கிடும், தெனம் ஸ்டார்ட் பண்ணி வைடான்னு சொல்லிட்டுப் போவாரு. அந்த ஆறு மாசம் சம்பளமும் கெடையாது. ஸ்டார்ட் பண்ணத்தான் சொன்னாரு மொதலாளி. யாரு ஸ்டார்ட் பண்ணணும்னு சொல்லல.”

மாப்பிள்ளை, விஷயம் இதுதான். முசே பாரீசில் இருக்கிற ஆறு மாசமும் இந்த வண்டி போர்டு இல்லாத டிரைவிங் ஸ்கூலாக இருந்திருக்கிறது. அந்த இரண்டு ஓட்டையும், கற்றுக்கொடுக்கிறவன் மிதிக்க இடது பக்கம் தனியாக ஒரு பிரேக் பூட்டியிருந்த இடம், விற்கப் போவது தெரிந்ததும் கழற்றிவிட்டான். பக்கத்து மைதானத்துக்குள்ளேயே முதல் கியரில் ஒரு சுற்று, இரண்டாம் கியரில் ஒரு சுற்று. ரோட்டுக்கே போகாததால் அபராதம் இல்லை, கிலோமீட்டரும் அதிகம் ஏறவில்லை. கிளட்ச் தேயத் தேய அருள்முருகன் தன் காசில் வெளி மெக்கானிக்கிடம் மாற்றியிருக்கிறான், அதனால் பில்லும் இல்லை. இப்படிக் கற்றுக்கொண்டவர்கள்தான் அன்றைக்கு வழியெல்லாம் கையைத் தூக்கினார்கள், எனக்கில்லை, வண்டிக்கு. சங்கத் தேர்தலை அங்கேயே விட்டுவிட்டேன்.

முசே திரும்பி வந்ததும் அவன் எதிரிலேயே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“அலோர், அப்போ பேட்டரி நல்லாத்தானடா இருக்கு” என்றார். அதோடு விட்டுவிட்டார், இரண்டு பேரும் உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தார்கள்.

அவர் சொல்லும் விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம். கிளட்ச் இன்னும் சில மாசம் தாங்கினால் அதிசயம், முதல் இரண்டு கியரும் கிழவன் பல் மாதிரி ஆடுகின்றன, மற்ற மூன்றும் ஷோரூமில் இருந்து வந்த மேனிக்குப் புதுசு. அதன் மேல், பாண்டிச்சேரி நம்பர் வண்டியைத் திண்டிவனத்தில் வைத்து ஓட்ட வேண்டுமென்றால் என்.ஓ.சி. வாங்கி அங்கே வரி கட்ட வேண்டும், அது தனிச் செலவு. ஊரில் பாதிப் பேர் மிதித்துப் பழகிய வண்டியில் என் தங்கையை ஏற்றி அனுப்ப எனக்கு மனசில்லை. அரியாங்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் வண்டியை விற்கப்போவதாகச் சொல்கிறார், பூர்வீகம் நானே அறிந்தது, அதுவரை பொறுங்கள். வெண்புறா என்ற பெயரை அதற்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் வெள்ளைதான்.

கலைவாணிக்கு என் அன்பு, தனக்கொடியின் விசாரிப்பு. இரண்டு பேரும் குறைவில்லாமல், காலும் மனசும் திடமாக நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
சக்கரபாணி.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவரை ஒட்டப் போகிற நேரத்தில் கலைவாணி போன் பண்ணினாள், கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். இடது பக்கத்து பிரேக் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

“அண்ணே, அந்த பிரேக்க தூக்கிப் போட்டுட்டானா, வச்சிருக்கானா?”

“வச்சிருப்பான். உனக்கு எதுக்கு அது?”

“ஒங்க மாப்பிள்ள லைசென்ஸ் வாங்கின அன்னைக்கு ஓட்டினதோட சரி, அப்புறம் ஸ்டீயரிங்கயே தொட்டதில்ல. வண்டி வரட்டும், நான் மட்டும் ஏறப்போறதில்ல, காலு போனா போவட்டும்னு இருந்தேன். எம் பக்கம் ஒரு பிரேக் இருந்தா ஏறுறேன்.”

“உன் காலு இருக்கிற நெலமைக்கு...”

“எடது காலு நல்லாத்தான இருக்கு.”

மாப்பிள்ளை, இதற்கு மேல் நான் என்ன விசாரிக்க. உடனே லாஸ்பேட்டைக்குத் திரும்பிப் போய்ப் பேசி முடித்துவிட்டேன். விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம். புது கிளட்ச் முசே செலவு, என்.ஓ.சி. அலைச்சல் அருள்முருகனுடையது, வரி உங்களுடையது. இடது பக்கத்து பிரேக்கை அவனே மறுபடி பூட்டித் தர வேண்டும். முதல் மாசம் அதன் மேல் அவன் கால், உங்களுக்கு மூன்றாவது கியர் போடச் சொல்லிக்கொடுப்பான், கலைவாணி பின் சீட்டில். இரண்டாம் மாசத்திலிருந்து அவளுடைய இடது கால். அதை எப்போது கழற்றலாம் என்பதை அவள்தான் சொல்வாள், நீங்கள் இல்லை.