முப்பத்தாறு டாலர் முன்னேற்றம்

எங்கள் டெல்வுட் மாவட்டத்தில் ஏழைகள் குடியிருக்கக் கட்டிய கட்டடம் ஒன்றே ஒன்று. மூன்று மாடி, நாற்பத்தெட்டு வீடு. அதில் இடம் பிடிப்பது எளிதல்ல. ஆண்டு வருமானம் இருபத்திரண்டாயிரம் டாலருக்குக் குறைந்தால், வாடகை கொடுக்க வக்கில்லாதவர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டினால், வசதி படைத்தவர் என்று வெளியேற்றிவிடுவார்கள். இடைப்பட்டவர்களே அங்கீகாரம் பெற்ற ஏழைகள். அந்த அங்கீகாரத்தை ஆண்டுதோறும் பதினேழு பக்கப் படிவத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் வெர்னா கோபெக் பத்தொன்பது முறை புதுப்பித்துக்கொண்டாள். இருபதாம் முறை கடிதம் வந்தது.

"தாங்கள் உச்சவரம்பை முப்பத்தாறு டாலர் கடந்துள்ளீர்கள். தங்கள் முன்னேற்றத்துக்கு இத்துறை மனமார்ந்த வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறது. முப்பது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து ஒத்துழைக்கவும்."

நான் அதே மாடியில் எதிர்வீட்டுக்காரன். துணைக்கு வரச் சொன்னாள், போனேன். வீட்டுவசதி அதிகாரி ப்ரூயிட் நல்ல மனிதர். இருவருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

"வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடலன்னு ஸ்கூல்ல ஐம்பது டாலர் பரிசுக் கார்டு குடுத்தாங்க சார். அதையும் மறைக்காம எழுதினேன்" என்றாள் வெர்னா.

"எழுதினது சரிதாம்மா. வாங்கினதுதான் தப்பு."

"திருப்பிக் குடுத்துடறேன்."

"குடுத்தாலும் வாங்கினது வாங்கினதுதானே?"

"அதுல தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வான்கோழி வாங்கி எங்க மாடிக்கே போட்டேன் சார். இந்த ஆர்லோவே ரெண்டு துண்டு தின்னாரு."

மூன்று துண்டு. நான் திருத்தவில்லை.

"அது செலவும்மா. செலவுல எங்க துறை தலையிடறதில்ல" என்றார் ப்ரூயிட். "ஒரே ஒரு நாள் லீவு போட்டிருந்தா ஏழையாவே இருந்திருக்கலாம். உழைப்புக்கும் ஒரு அளவு வேணாமா?"

"வெளியில ஒரு ரூம் மாசம் ஆயிரத்து நானூறு சார். இங்க அறுநூற்றுப் பத்து. கைக்கு வர்றதுல பாதிக்கு மேல வாடகைக்கே போயிடும். மிச்சத்துல சாப்பிடறதா, சர்க்கரைக்கு ஊசி வாங்கறதா?"

"அதுக்குப் பேருதாம்மா மிடில் கிளாஸ்" என்றார் அவர், மிகவும் கனிவாக.

பிறகு தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். மேல்முறையீட்டுக் குழு நினைத்தால் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் உச்சவரம்பை நூறு டாலர் உயர்த்தலாம். அதற்கு அங்கே இன்னமும் ஏழைகள் இருப்பது நிரூபணமாக வேண்டும். குடியிருப்போரில் ஐந்து பேர் குழுவின் முன் கை உயர்த்தி, தாங்கள் ஏழை என்று ஒப்புக்கொண்டால் போதும்.

"நாங்கதான் படிவத்துல எழுதியிருக்கோமே சார்?"

"எழுதறது வேற, மனசார ஒத்துக்கறது வேற. அஞ்சே கைம்மா. உங்க கட்டடத்துல ஏழைக்கா பஞ்சம்?"

வியாழக்கிழமை விசாரணை. எங்கள் கட்டடத்திலிருந்து அறுபத்தொரு பேர் வந்தார்கள். எல்லோரும் வெர்னாவுக்காகத்தான் வந்தார்கள், எல்லோரும் இருப்பதிலேயே நல்ல உடுப்பில் வந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் வெர்னா உட்கார்ந்திருந்தாள்; மறுபக்கம் இரண்டாம் மாடி ஓட்டிஸ், டை கட்டியிருந்தான்.

குழுத் தலைவி லெனோர் விட்மார்ஷ் அம்மையார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கூச்சப்படாதீங்க. நானும் உங்கள மாதிரி மிடில் கிளாஸ்தான். ஏரிக்கரையில ஒரு வீடு, புளோரிடாவுல ஒரு வீடு, அவ்வளவுதான். படகுகூடப் பழசு."

"எங்களுதும் பழசுதான்" என்றார் பக்கத்திலிருந்த பல் மருத்துவர். மற்ற உறுப்பினர்கள் அனுதாபத்துடன் தலையாட்டினார்கள்.

"சரி, விதிப்படி கேட்டாகணும். இங்க ஏழைங்க யார் யாரு? கை தூக்குங்க."

கூடத்தில் ஒரு கைகூட எழவில்லை.

"ஓட்டிஸ், தூக்குப்பா" என்றேன் மெதுவாக.

"நான் எதுக்கு? நான் இங்க தற்காலிகமாத்தானே இருக்கேன்."

"பதினாலு வருஷமாச்சேப்பா."

"தற்காலிகம்னா கொஞ்சம் முன்னப்பின்னதான் ஆகும். ரொம்ப அக்கறைன்னா நீ தூக்கேன்."

முன்வரிசைப் பெண் திரும்பி, "முதல் மாடிக்காரங்களத்தான் கேக்கறாங்க போல" என்றாள். முதல் மாடிக்காரர்கள் இரண்டாம் மாடிக்காரர்களைப் பார்த்தார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் மூன்றாம் மாடிக்காரர்களைப் பார்த்தார்கள். மூன்றாம் மாடிக்காரர்களுக்கு மேலே ஆளில்லாததால், அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

தலைவி ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

"மேற்படி கட்டடத்தில் ஏழைகள் எவருமில்லை எனக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது" என்று வாசித்தார். "உண்மையிலேயே பெருமையா இருக்குங்க."

குழு கை தட்டியது. நாங்களும் தட்டினோம்.

திங்கட்கிழமை மற்ற நாற்பத்தேழு வீடுகளுக்கும் கடிதம் வந்தது. ஏழைகள் இல்லாத கட்டடத்துக்குச் சலுகை வாடகை பொருந்தாது, அடுத்த மாதம் முதல் ஆயிரத்து நானூறு, மனமார்ந்த வாழ்த்துகள்.

வெர்னா பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தங்கை வீட்டு நிலவறைக்குப் போகிறாளாம். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

"ஆர்லோ, நீதான் எதையும் எண்ணுவியே. அன்னிக்கு எத்தனை கை?"

"ஒண்ணும் இல்ல."

"உன்னோடதச் சேத்தா?"

"சேத்துத்தான்."

பெட்டியை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னோடதையும் சேத்தா?"

"அதையும் சேத்துத்தான், வெர்னா."