பூனைக்குப் பத்தியச் சோறு

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு ஐம்பத்தைந்து நாளையும் ஒரு நாள் விடாமல் பிடிப்பது என்று முடிவு செய்தேன். சும்மா இல்லை. துறவி மாதிரி.

என் மனைவி யெஷி இதைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். இருபத்து மூன்று வருஷமாக, நோன்புக் காலத்தில் நான் பட்டறையில் ஒளிந்துகொண்டு அவித்த முட்டை தின்பதும், அவள் முட்டையோட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அவள் சந்தோஷப்படவில்லை. என் கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மணி வரைக்கும் தண்ணி கூடக் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்."

"கறி, பால், நெய், முட்டை எதுவும் கிடையாது."

"முட்டையை நீ எதுக்கு அழுத்திச் சொல்றே?"

"சும்மாதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பக்தி ஒன்றும் பொங்கவில்லை. சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் எங்கள் மகள் ருஹாமா போய்விட்டாள். பத்தொன்பது வயது. அன்றிலிருந்து இஞ்ஜெரா அப்பத்தைப் பிய்த்தால் கையிலேயே நிற்கிறது. சாப்பிடாதவனை ஊரே கேள்வி கேட்கும். நோன்பு இருப்பவனை யார் கேட்பார்கள்? ஐம்பத்தைந்து நாள் நிம்மதி.

நான் தராசு ரிப்பேர்க்காரன். எங்கள் ஊர் தெசியே சந்தையில் காபிக்கொட்டை, தெஃப் தானியம், தேன் எது நிறுக்கும் தராசும் கோணினால் என் பட்டறைக்குத்தான் வரும். நோன்பு தொடங்கிய அன்று மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறினேன். நாற்பத்தொன்பது கிலோ. முன்பு அறுபத்து மூன்று இருந்தவன். பரவாயில்லை, காற்றில் பறக்காதவரைக்கும் கவலையில்லை என்று இறங்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் பூனை வாந்தி எடுத்தது.

பூனையின் பெயர் வூரோ. ருஹாமாவின் பூனை. அவள் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். பால் வைத்தோம், வாந்தி. மிளகாய்ப்பொடி போட்ட கடலைமாவுக் குழம்பை நக்கியது, இரண்டு வாந்தி. கருவாடு வைத்தேன், என் செருப்பிலேயே எடுத்தது. மற்ற மாதமாக இருந்தால் கசாப்புக் கடையில் நுரையீரல் சும்மாவே கொடுப்பார்கள். நோன்பில் எங்கள் பக்கம் ஒரு கசாப்புக் கடை கூடத் திறந்திருக்காது. வூரோ சுருண்டு படுத்துவிட்டது. இதையும் பறிகொடுக்க வேண்டுமா என்று இருந்தது.

யெஷி அதைக் கூடையில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் மாட்டு டாக்டர் ஃபெவெனிடம் போனாள். திரும்பி வந்து வாசலிலேயே நின்று சொன்னாள்.

"வயிறு ரொம்ப மெலிசாம். அவிச்ச கோழிதான் குடுக்கணுமாம். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை."

"எத்தனை நாளைக்கு?"

"நோன்பு முடியற வரைக்கும்."

"டாக்டர் அப்படியா சொன்னாங்க?"

"நான் பொய்யா சொல்றேன்? அப்புறம் இன்னொண்ணு. யாராவது முதல் வாய் சாப்பிட்டாத்தான் அது சாப்பிடுமாம். பழக்கமாம்."

அது எனக்கே தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் ருஹாமா இஞ்ஜெராவில் சுருட்டி ஒரு வாய் எனக்கு ஊட்டுவாள், அடுத்த வாய் வூரோவுக்கு. எனக்கு ஊட்டாமல் அதற்கு ஊட்டியதே இல்லை. ஊட்ட வந்த கையைத் தட்டுவது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை. நானும் தட்டியதில்லை, வூரோவும் தட்டியதில்லை.

"அப்போ நீயே ஊட்டு" என்றேன்.

"நானா? நோன்புல கோழி வாசனையே எனக்கு ஆகாது. சமைச்சு மூடி வச்சுடறேன். நீங்க பட்டறையில வச்சு என்ன செய்வீங்களோ செய்ங்க. எனக்குத் தெரிய வேண்டாம்."

எங்கள் பக்கம் பெண்கள் கோழி அறுக்க மாட்டார்கள். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நோன்பில் கோழி கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். அடுத்த வீட்டு செய்ஃபு வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன மெஸ்கெபு, உங்க வீட்டுக்கு மட்டும் ஈஸ்டர் சீக்கிரம் வந்துடுச்சா?"

"பூனைக்கு."

"பூனைக்கா! ஆமாமா. எங்க வீட்டுலயும் ஒரு பூனை வளர்க்கணும். கறி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!"

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வூரோவின் முன்னால் சட்டியைத் திறந்தேன். அது சட்டியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. சரி, கடவுளே, என் கணக்கில் எழுதிக்கொள் என்று ஒரு வாய் எடுத்துப் போட்டேன். விழுங்கினேன். இறங்கியது. அடுத்த வாய் வூரோவுக்கு. அதுவும் தின்றது. இருவரும் வாந்தி எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் திருடன். தின்றுவிட்டு இஞ்சி மென்றேன், காபியால் வாயைக் கொப்பளித்தேன், மீசையை மூன்று தடவை துடைத்தேன். மூன்று மணிக்கு யெஷிக்கு எதிரே உட்கார்ந்து, பசியால் வாடியவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நோன்புக் குழம்பைத் தொட்டேன். அவள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இவளை ஏமாற்றிவிட்டேன் என்று, துக்கத்துக்கு நடுவிலும், லேசாகப் பெருமையாக இருந்தது.

பத்தியம் வளர்ந்தது. ஒரு நாள் சட்டியில் அரைக் கோழி இருந்தது.

"பூனைக்கு அரைக் கோழியா?"

"மெலிஞ்ச வயிறு. நிறையக் குடுத்தாத்தான் கொஞ்சமாவது ஒட்டும்."

இன்னொரு நாள் ஓரத்தில் நாலு இஞ்ஜெரா.

"பூனைக்கு இது எதுக்கு?"

"கோழி சுடும்ல? பிடிச்சு ஊட்டத்தான்."

அதற்கடுத்த நாள் முட்டை.

"யெஷி, முட்டை?"

"முடி பளபளக்குமாம்."

சனிக்கிழமைதோறும் வூரோவைத் தூக்கிக்கொண்டு மேடைத் தராசில் ஏறுவேன். பூனை தனியாகத் தராசில் நிற்காது. மொத்தத்தில் என் நாற்பத்தொன்பதைக் கழித்தால் பூனையின் எடை. முதல் வாரம் மூன்றேகால் கிலோ. இரண்டாம் வாரம் நாலரை. நாலாம் வாரம் ஏழு. பார்த்தால் அப்படித் தெரியவில்லைதான். ஆனால் என் தொழிலில் கண்ணை நம்பினால் பிழைப்பு போய்விடும். தராசு சொன்னால் சொன்னதுதான்.

எட்டேகால் கிலோ ஆனதும் பெருமை தாங்காமல் டாக்டர் ஃபெவெனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கூடையோடு நிறுத்து, பிறகு கூடையை மட்டும் நிறுத்தார்.

"மூணேகால்."

"உங்க தராசு கெட்டுப்போச்சு, டாக்டர்."

அங்கேயே உட்கார்ந்து அதைக் கழற்றினேன். துடைத்தேன், மாட்டினேன், என் பையிலிருந்த பித்தளைப் படிக்கற்களை வைத்துச் சோதித்தேன். நூல் பிசகில்லை. மறுபடி பூனையை வைத்தேன். மூன்றேகால்.

"அப்போ மிச்சம் அஞ்சு கிலோ எங்கே?"

டாக்டர் என் சட்டையைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கு நேரே இருந்த பட்டன் இறுகிக்கொண்டிருந்தது.

"நான் உங்க வீட்டம்மாகிட்ட மூணு நாள் பத்தியம்னுதானே சொன்னேன்?" என்றார். "நாலாம் நாளே பூனை சரியாயிடுச்சுன்னு அவங்களே வந்து சொல்லிட்டுப் போனாங்களே."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. யெஷி முற்றத்தில் கரியடுப்பின் முன்னால் இருந்தாள்.

"என் நோன்பைக் கெடுத்துட்டியே! தெரிஞ்சே கெடுத்துட்டே!"

"தெரிஞ்சேதான்."

"பாவம் இல்லையா?"

"அபா தெக்லேகிட்ட முதல் நாளே கேட்டாச்சு." அபா எங்கள் குடும்பத்துக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கும் பாதிரியார். நோன்பிலிருந்து விலக்குக் கொடுக்க அவர் ஒருவரால்தான் முடியும். "அவனைச் சாப்பிடச் சொல்லும்மான்னார். சொன்னா நீங்க கேப்பீங்களா? அவரோடயும் சண்டைக்குப் போவீங்க. அதான் பூனையை விட்டுச் சொன்னேன்."

"அப்போ என் நோன்பு?"

"அதையும் சேர்த்து நான் பிடிக்கறேன்."

"ரெண்டு நோன்பை ஒரு ஆள் எப்படிப் பிடிக்கிறது?"

"நீங்க மூணு மணிக்கு முடிப்பீங்க. நான் பொழுது சாயற வரைக்கும் இருக்கேன். அவ்வளவுதானே."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. வாராவாரம் பூனையை நிறுத்தவன், எதிரே உட்காரும் இவளை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஏன் யெஷி இப்படி?"

அவள் அடுப்பை ஊதினாள். "ஒண்ணைப் புதைச்சாச்சு. இன்னொண்ணுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க."

அன்று முழுக்க யோசித்தேன். இவளைச் சாப்பிட வைக்க வேண்டும். நோன்பு முடிய இன்னும் பதினாறு நாள். சொன்னால் கேட்கமாட்டாள். அபா தெக்லேயைப் போய்ப் பார்த்து அவளுக்கும் விலக்கு வாங்கினேன். மீதி வழியையும் அவளே கற்றுக் கொடுத்திருக்கிறாளே!

மறுநாள் மதியம் சட்டியையும் வூரோவையும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"யெஷி, காலையிலேர்ந்து இது சாப்பிடவே மாட்டேங்குது. என் கை அலுத்துப்போச்சு போல. நீ முதல் வாய் எடுத்தாத்தான் சாப்பிடும்னு நினைக்கிறேன். ருஹாமா பூனையாச்சே, பட்டினி போடலாமா? அபாகிட்டயும் கேட்டுட்டேன்..."

நான் பேசி முடிக்கவில்லை. வூரோ என் கையிலிருந்து குதித்து, யாருடைய முதல் வாய்க்கும் காத்திருக்காமல், சட்டிக்குள் தலையை விட்டுத் தின்ன ஆரம்பித்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். யெஷி ஒரு இஞ்ஜெராவைப் பிய்த்தாள், கோழித் துண்டை வைத்துச் சுருட்டினாள், என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"அது அந்தப் பழக்கத்தை மறந்து ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். "நீங்க வாயைத் திறங்க."