மணி கடிக்கவே இல்லை

பொய் சொல்லத் தெரியாதவன் பேசாமல் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய இருபத்தொன்பது வயதும் ஒரு தெருநாயும் தேவைப்பட்டன.

அன்று காலை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு, மேலப்புதூரில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். கல்லீரலைக் கெடுக்கும் அந்தக் கிருமி உடலுறவிலும் பரவும், ஆண்களோடு உறவில் இருக்கும் ஆண்கள் போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். (டாக்டரிடம் நான் எதையும் மறைக்கவில்லை. என் வீரமெல்லாம் வீட்டுக்கு வெளியேதான்.)

அம்மா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். என் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டார்.

"என்னடா ஊசி?"

"நாய் கடிச்சிருச்சும்மா."

"எந்த நாய்?"

ஜன்னல் வழியே பார்த்தேன். டீக்கடை வாசலில் மணி படுத்திருந்தது. "மணி" என்றேன். பல் இருந்த காலத்திலேயே யாரையும் கடிக்காத கிழநாய் அது. இப்போது பன்னைக்கூட டீயில் நனைத்துப் போட்டால்தான் தின்னும்.

"எங்க கடிச்சது, காட்டு."

"காட்ட முடியாத இடம்மா." (அட, என்ன மூளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.)

அன்றே பத்தியம் ஆரம்பமானது. கறி கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய்கூடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உக்கார முடியுதா தம்பி?" என்று உருகினார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது. அம்மா புகார் கொடுத்திருந்தார்.

"டீச்சர், அதுக்குப் பல்லே கிடையாது டீச்சர்!" என்று டீக்கடைக்காரர் கெஞ்சினார்.

"என் புள்ளையக் கடிச்சிருக்கு. நாளைக்கு ஸ்கூல் புள்ளைங்களக் கடிச்சா?"

வலை விரித்தார்கள். மணி தானாகவே நடந்துபோய் அதற்குள் உட்கார்ந்தது. என்னைப் பார்த்து வாலை வேறு ஆட்டியது. தலைதெறிக்க ஓடினேன். (உட்கார முடியாதவன் ஓடியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.)

"விட்ருங்கண்ணே! அது கடிக்கவே இல்ல. நான் புளுகினேன்!"

வலையை எடுத்துவிட்டார்கள். "அப்ப ஊசி எதுக்குடா?" என்றார் அம்மா.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். என்ன ஊசி, ஏன் ஊசி என்று சொன்னேன். மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிடும் ஸ்ரீரங்கத்து முரளி வெறும் நண்பன் இல்லை என்பதையும் சொன்னேன்.

அம்மா அழுதார். நானும் அழுதேன். ரொம்ப நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் ஊசி போட்டுக்கிட்டானா?"

"இல்லம்மா. அவனுக்கு ஊசின்னா பயம்."

"எரும மாடு மாதிரி வளந்திருக்கான், பயமாம்! போன் போடு."

முரளிக்கு ரத்தப் பரிசோதனை முடிந்தது. என் இரண்டாவது டோஸும் அவனுடைய முதல் டோஸும் ஒரே நாளில். அம்மா எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் அதே குரலில் அம்மா சொன்னார்: "ரெண்டும் என் புள்ளைங்கதான். ஒண்ணு புளுகும், ஒண்ணு பயப்படும். ரெண்டுக்கும் போடுங்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

எங்கள் இருவருக்கும் மூன்று டோஸும் முடிந்துவிட்டன. இப்போதும் வீட்டில் யார் சாக்குச் சொன்னாலும், "எங்க கடிச்சது, காட்டு" என்பார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் முதல் பங்கு மணிக்கு. எலும்பெடுத்துப் பிசைந்து கொண்டுபோவது முரளியின் வேலை. அவன் திரும்பி வந்ததும் அம்மா மறக்காமல் கேட்பார்:

"என்னப்பா, நம்ம கல்யாணத் தரகர் சாப்பிட்டாரா?"