ஏர் அடித்ததும் சத்தம் வந்தது

திருப்பூரில் எந்த மெஷின் நின்றாலும் முதல் வைத்தியம் ஏர் அடிப்பதுதான். பனியன் துணியின் பஞ்சுத்தூசி போய் உட்காராத இடம் கிடையாது. காற்றைப் பீய்ச்சும் கம்ப்ரஸர் குழாயின் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். அதை எடுத்துப் 'புஸ்ஸ்' என்று அடித்தால் பாதி மெஷின்கள் பயத்திலேயே ஓட ஆரம்பிக்கும். (வேலை முடிந்ததும் நாங்களும் சட்டையில் அடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம்.)

மண்ணரையில் ஒரு கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அம்மாவோடு தனியாகப் பேசும் முதல் வீடியோ கால் வந்தது. குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு அவர் கேட்ட பச்சை ஒன்று. நாங்கள் சாயம் போட்ட பச்சை அதைவிடக் கொஞ்சம் தூக்கல். 'பரவாயில்லை, போடுங்க' என்று மொத்தத் துணிக்கும் சாயம் போட வைத்த புத்திசாலி நான்தான். அவர் வேண்டாம் என்றால் துணி முழுவதும் வீண், கூடவே என் வேலையும்.

காலையிலேயே லேப்டாப்பில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. தூசி படியக் கூடாதே என்று மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அதுவும் தூங்கப் போய்விட்டது. திரும்பி வந்து திறந்தபோது படம் மட்டும் எழுந்தது, சத்தம் எழவில்லை. அந்த விஷயம் கால் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திரையில் பையர் அம்மா வாயசைத்தார். வால்யூமைக் கடைசிவரை ஏற்றினேன். ஹெட்போனைச் செருகினேன், பிடுங்கினேன், மறுபடியும் செருகினேன். ம்ஹூம். 'கேட்கவில்லை' என்று டைப் அடித்திருக்கலாம். ஆனால் ஒரு லேப்டாப்பையே சமாளிக்கத் தெரியாதவன் ஆர்டரை எப்படி முடிப்பான் என்று நினைத்துவிட்டால்? அதனால் அவர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கச் சுருங்க இன்னும் பலமாக ஆட்டினேன்.

பின்னால் முதலாளி வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, அந்தம்மா வாயி மட்டும் அசையுது, சத்தத்தக் காணோம்?"

"தெரியலீங்க. காலைல நல்லாக் கேட்டுச்சுங்க."

"பஞ்சு அடைச்சிருக்கும். தள்ளு."

"ஐயோ, வேண்டாமுங்க!"

அவர் ஏர் குழாயை இழுத்து வந்துவிட்டார். லேப்டாப்பை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை நீட்டினார். திரையில் பையர் அம்மா 'ஆ' என்று வாய் பிளந்து நாற்காலியோடு பின்னால் போனார். (அவர் கேமரா வழியாகப் பார்த்தது என்ன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) 'புஸ்ஸ்!' வெள்ளையாகத் தூசி கிளம்பியது. ஸ்பேஸ் பட்டன் பறந்துபோய் டீ டம்ளரில் விழுந்தது. முதலாளியின் கட்டைவிரல் அமுக்கிக்கொண்டிருந்தது பவர் பட்டனை. திரை இருண்டது. வேலை போயிற்று, ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மறுபடியும் ஆன் செய்து, வீடியோ காலில் சேர்ந்தேன்.

"உயிரோடுதான் இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஒரு அலறல். கேட்டது! கணீரென்று கேட்டது!

"அந்த மனிதர் துப்பாக்கியோடு வந்தாரே, போய்விட்டாரா?"

அவர் எங்கள் முதலாளி, அது தூசி அடிப்பது என்று விளக்கினேன். பையர் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நான் பேசுவது கேட்கிறதா, கேட்கிறதா என்று அத்தனை தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று தலையாட்டினீர்களே?"

பச்சையைப் பற்றி அதுவரை அவர் பேச்சே எடுக்கவில்லை. இப்போது எடுத்தார். தான் கேட்டதைவிட நாங்கள் அனுப்பிய மாதிரித் துணியின் பச்சையே நன்றாக இருக்கிறது, துணியை வெட்டலாம் என்றார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்த சுகத்தில் முதலாளியைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

"பாத்தியா கண்ணு? பஞ்சுதான்!" என்றார் அவர்.

தூங்கி எழுந்த லேப்டாப்புக்குச் சத்தம் போனால், அணைத்து மறுபடி போட்டாலே போதும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை. கம்பெனியில் எந்த லேப்டாப் ஊமையானாலும் ஏர் அடிப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் ரீஸ்டார்ட் செய்வேன். வைத்தியம் தவறியதே இல்லை.

இந்தக் கதையை மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. நேற்றும் போனில் மூழ்கியிருந்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், வழக்கம்போலத் தலையாட்டினேன்.

"ஏனுங்க, நாஞ் சொல்றது கேக்குதுங்களா, இல்ல ஏர் அடிக்கோணுமா?"

அதற்கும் தலையாட்டியிருக்கிறேன்.