பின்னறையின் நாக் அவுட் சுற்று

கால்பந்து உலகக் கோப்பை முடிகிறவரை, எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று என்னிடம் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. வீட்டில் இப்படி ஒரு சட்டம் போட்டேன். கேட்டுக்கொண்டிருந்தது என் மனைவியும், சமையலறை மூலையில் அவளுடைய தையல் மெஷினும். மெஷின் எதிர்த்துப் பேசவில்லை.

"உங்ககிட்ட யாரு வந்து பேசுறாங்க?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட். இருபத்திரண்டு வருஷமாக, ஊர் படுத்திருக்கும் நேரத்தில் ஊர் படுத்த விரிப்புகளை வெளுக்கிறேன். மெஷின் இரைச்சலில் அங்கே பேச்சு கிடையாது. போன் லாக்கரில். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி, எங்கள் வீட்டிலேயே மிக வெள்ளையான பொருள் என் இரண்டு கைகள்தான்.

ஆட்டங்கள் எல்லாம் நான் விரிப்பு மடிக்கிற நேரத்தில்தான் நடக்கும். டிவி பெட்டி பதிவு செய்து வைத்திருக்கும். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, டீயோடு உட்கார்ந்து பார்ப்பேன். முடிவு தெரியாமல் பார்த்தால்தான் அது ஆட்டம். தெரிந்துகொண்டு பார்ப்பது வெளுத்த விரிப்பை மறுபடி வெளுப்பது.

ஒரே ஒரு ஆபத்து, நியூஸ்பேப்பர். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு படித்த படிப்பெல்லாம் பேப்பரில்தான். அதை நிறுத்த முடியாது. எனவே பேப்பர்க்காரரே அதைச் சுருட்டி, நூல் கட்டி, கண்ணில் படாமல் என் பையில் போட்டுவிடுவார். வந்ததும் பையோடு மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவேன். ஆட்டம் பார்த்து முடிகிறவரை பேப்பர் பீரோவின் மேல் காவலில் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் அவள் பின்னறையைக் கேட்டாள்.

"தையல் கத்துக்க அஞ்சு பேரு வர்றேன்னு சொல்றாங்க. பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்."

"பகல்ல நான் எங்க தூங்குறது?"

"ஹால்ல."

"ஹால்ல ரோட்டுச் சத்தம்."

"சலவைக்கூடத்துல இல்லாத சத்தமா?"

பின்னறை நான் கட்டிய ராத்திரி. பழைய ரேடியோப் பெட்டிகள், ஜன்னலை மறைத்து ஒரு புத்தக அலமாரி, அதற்கு மேல் கம்பளி போன்ற திரை, நடுவில் என் கட்டில். வெளியே சூரியன் என்ன செய்தாலும் உள்ளே மணி பன்னிரண்டு. அதை விட்டுக்கொடுத்தால் நான் தூங்குவதற்கு உலகத்தில் வேறு ராத்திரி இல்லை.

"சரி, நீங்கதான் பந்தாட்டத்துல பெரிய ஆளாச்சே," என்றாள். "நாக் அவுட்ல சுத்துக்கு ஒரு ஆட்டம் வெச்சுக்குவோம். நான் சொன்ன பக்கம் ஜெயிச்சா அறையிலேர்ந்து ஒரு சாமான் வெளியே. ஒரே ஒரு தடவை நீங்க சொன்னது ஜெயிச்சாலும் எல்லாம் திரும்ப உள்ளே. அறைப் பேச்சே எடுக்க மாட்டேன்."

நான்கு சுற்று. நான்கிலும் அவள் வரிசையாக ஜெயிக்க வேண்டும். விரிப்பு மடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்: பதினாறில் ஒரு வாய்ப்பு. பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு அதுவும் கிடையாது. பாவமாக இருந்தது.

முதல் சுற்றில், பச்சைச் சட்டைக்காரர்களின் நடுக்களம் ஏன் உடைக்க முடியாதது என்று கால்மணி நேரம் விளக்கினேன். அவள் பட்டன் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"பச்சைன்னு சொல்றீங்க. அப்போ எனக்கு மஞ்சள்."

மஞ்சள் இரண்டு, பச்சை பூஜ்யம். ரேடியோக்கள் வெளியேறின.

கால் இறுதியில் நீலத்தின் கோல்கீப்பரைப் பற்றிச் சொன்னேன். அவன் மனிதன் இல்லை, சுவர் என்றேன்.

"அப்போ நான் சிவப்பு," என்றவள், பாதி ஆட்டத்தில் கேட்டாள்: "அந்த வேற சட்டை போட்டவன் மட்டும் ஏங்க கையால தொடுறான்? யாரும் கேக்க மாட்டாங்களா?"

பெனால்டியில் சுவர் நாலு தடவை தப்பான பக்கம் விழுந்தது. அலமாரி வெளியேறியது. ஜன்னல் என்னைப் பார்த்தது.

அங்கேதான் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. கோல்கீப்பரைத் திருடன் என்று நினைப்பவளுக்கு எப்படித் தெரிகிறது? ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிறாள். ராத்திரி எழுந்து பார்க்கிறாளோ? மறுநாள் டிவி ரிமோட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மாடி வீட்டு பஸ் டிரைவரைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"அண்ணே, என் வீட்டுல உங்ககிட்ட மேட்ச் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்களே."

"எப்போ? என்ன கேட்டாங்க?"

"போன மாசம். கிரிக்கெட்டா ஃபுட்பாலா, எதுல பதினோரு பேருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டுலயும்னு சொன்னேன். அவங்க நம்பல."

அரை இறுதிக்கு முன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு விதி எழுதினேன்: 'முடிவை முன்கூட்டியே அறிந்தவர் தோற்றவர் ஆவார்.' கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"இது உங்களுக்கும்தானே?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

போட்டாள். நான் கோடு போட்ட சட்டை என்றேன். அவள் வெள்ளை என்றாள். வெள்ளை ஜெயித்தது. திரையும் போயிற்று.

அன்று பதினோரு மணி வெயில் என் கண்ணிமைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. புரண்டு படுத்தேன். திறந்த கதவு வழியாக பீரோ தெரிந்தது. பீரோ மேல், நான் ஆட்டம் பார்த்து முடித்தபின் படித்த பேப்பர்.

நான் குளிக்கிற பத்து நிமிஷம் அது யாரிடம் இருக்கிறது?

பேப்பர்க்காரர் சுருட்டி நூல் கட்டிய முடிவை, தினமும் நானே எதிரணி கையில் கொடுத்திருக்கிறேன். சேம் சைடு கோல், மூன்று.

இறுதி ஆட்டம் நடந்த ராத்திரி விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இல்லை நான். கறுப்பு மூன்று, ஆரஞ்சு இரண்டு. பேப்பரைச் சுருட்டிக் கட்டினேன். மூன்று வாரமாக ஒன்றும் தெரியாதவனாக அந்தத் தெருவில் நடந்த சுகம் அதோடு போயிற்று. தெரு வெறும் தெருவாக இருந்தது.

பையைக் கொடுக்கவில்லை. குளிக்கவும் போகவில்லை. நேராக நாற்காலி.

"இன்னைக்கு யாரு?" என்றாள் டீயை நீட்டி.

"கறுப்பு."

"ஏன்னு சொல்லலையே."

"ஏன் என்ன ஏன். கறுப்பு."

என் மடியிலேயே இருந்த பையைப் பார்த்தாள். "அப்போ எனக்கு ஆரஞ்சு."

ஆரஞ்சு ஒரு கோல். நான் பிஸ்கட் கேட்டேன். ஆரஞ்சு இன்னொரு கோல். நான் கொட்டாவி விட்டேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. பிறகு கறுப்பு மூன்று போட்டது. எழுந்து, "கட்டில் அசையாது," என்று அறிவித்தேன்.

அவள் என் டீக் கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். வெள்ளைக் கோப்பை. அதில் என் கட்டைவிரல், ரேகை ரேகையாக, அச்சு மையில்.

"உங்க கை எப்பவும் வெளுத்துல்ல வரும்?" என்றாள். காலண்டர் தாளை எடுத்து வந்தாள்.

"நீ மட்டும் தினமும் பேப்பரைப் பார்க்கலையா?"

"அந்த முடிச்சை நீங்களே பல்லால கடிச்சுத்தான் அவிழ்க்குறீங்க. ஒரு நாளாவது அவிழ்ந்து கிடந்துச்சா?"

யோசித்தேன். இல்லை.

கட்டிலின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். ஹாலுக்குள் பின்பக்கமாக நடந்தாள். அங்கே ரோட்டு ஜன்னலில் என் கம்பளித் திரை, அளவெடுத்துத் தைத்து, ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை எப்போ மாட்டினே?"

"நேத்து ராத்திரி, நீங்க வேலைக்குப் போனதும். காலையிலேர்ந்து உங்க கண்ணு அந்தப் பையை விட்டு நகரலையே."

"அப்பவே ஜெயிப்பேன்னு தெரியுமா? மூணு தடவையும் எப்படித்தான் சரியா சொன்னே?"

"பந்தாட்டம் எனக்கு என்னங்க தெரியும்? பதினெட்டு வருஷமா உங்களைத் தெரியும். நீங்க ஒரு பக்கம் சொன்னதும் நான் மறுபக்கம் சொன்னேன். மெதுவா, கதவுல இடிக்குது பாருங்க."